கிரேட்ஃபுல் டெட் கச்சேரி கேசட்: கெடாமல் கணினியில் ஏற்றி, எந்த இரவு என்று கண்டுபிடிக்க

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் கச்சேரிக்குப் போய்வந்தவர்களிடம் எந்த வருஷம் என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். அது தப்பாக இருப்பதும் சகஜம். 1965 முதல் 1995 வரை 2,300 கச்சேரிகளுக்கு மேல்; ஒவ்வொரு இரவும் பாடல் வரிசை வேறு. மூன்று வருஷம் தொடர்ந்து போனவருக்கு மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் சாட்சி பல வீடுகளில் ஒரு ஷூ டப்பாவுக்குள் கிடக்கிறது: கூட்டத்தில் யாரோ மைக்கைக் கம்பத்தில் கட்டித் தூக்கிப் பதிவு செய்த 90 நிமிட கேசட்.

ரசிகர்கள் பதிவு செய்வதை இந்தக் குழு பொறுத்துக்கொண்டது. 1984 அக்டோபரில், பெர்க்லி கச்சேரிகளில், பதிவு செய்பவர்களுக்கென்று சவுண்ட்போர்டுக்கு (மேடை ஒலியைக் கலந்து கட்டுப்படுத்தும் மேசை) பின்னால் தனி இடமே ஒதுக்கியது. டேப்பை மாற்றிக்கொள்ளலாம், காசுக்கு விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. கைமாறிக் கைமாறி நகலான அந்தக் கேசட்டுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. டேப்பை முழுதாக ஓட்டுவது ஒரே ஒரு தடவை, மற்ற சோதனையும் யூகமும் திருத்தமும் கணினிக் கோப்பில்: இந்த விதியை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஓட்டுவதற்கு முன்: அட்டை, கூடு, டேப்

முதலில் அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 5/8/77 என்று எழுதியிருந்தால் அது ஆகஸ்ட் 5 அல்ல, மே 8. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். நம் ஊர் வழக்கத்தில் படித்தால் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த புகழ்பெற்ற கச்சேரியைக் கையில் வைத்துக்கொண்டே வேறு தேதியில் தேடிக்கொண்டிருப்பீர்கள். புத்தாண்டுக் கச்சேரிகள் நள்ளிரவைத் தாண்டி ஓடினாலும் டிசம்பர் 31 என்றே பதிவாகும். 1975 என்று எழுதிய கேசட் வந்தால் சந்தேகப்படுங்கள். அந்த ஆண்டு முழுக்க அவர்கள் மேடையேறியது நான்கே தடவை, நான்கும் சான்ஃபிரான்சிஸ்கோவில். அட்டையில் ‘எஸ்பிடி’ என்றிருந்தால் சவுண்ட்போர்டிலிருந்து நேராக எடுத்தது, ‘ஏயுடி’ என்றால் கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தது. ‘முதல் ஜென்’ என்றால் மூலக் கேசட்டிலிருந்து எடுத்த முதல் நகல். இவை எல்லாம் எழுதியவரின் நம்பிக்கைதான், ஆதாரம் அல்ல.

அடுத்து, கேசட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்களும் உடைக்கப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்டு பொத்தான் அழுத்தப்பட்டாலும் டேப் அழியாது.

கண்ணாடி ஜன்னல் வழியே டேப் சுற்றின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. ஈரக்காற்றில் பல வருஷம் இருந்த கேசட்டில் வரும். அதை நல்ல டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) போட்டால் ஹெட்டிலும் (டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் தலை) ரப்பர் உருளையிலும் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். அதற்கென்று ஒரு மட்டமான டெக்கை ஒதுக்கி, முகமூடி போட்டுக்கொண்டு, ரிவைண்ட் ஆகும்போது உலர்ந்த மெல்லிய துணியால் டேப்பைத் துடைத்து எடுக்க வேண்டும்.

டேப் ஓடும் வாய்ப்பக்கம், நடுவில், ஒரு வளைந்த செப்புத் தகட்டின் மேல் சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். அதன் பசை காய்ந்து துண்டு விழுந்துவிட்டால் ஒலி மங்கி மங்கி வந்துபோகும். பலர் டேப்பே போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஐந்து திருகாணி போட்ட கூடாக இருந்தால் திறந்து, வேண்டாத கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்துப் பொருத்தலாம். ஒட்டி மூடிய கூடாக இருந்தால் தையல் கோட்டில் மெல்லிய கத்தியால் பிளந்து, டேப்பை இரண்டு சக்கரங்களோடும் வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டியதுதான். மாற்றும் கூடு அதே வகையாக இருக்க வேண்டும். மேக்ஸெல் எக்ஸ்எல்-2, டிடிகே எஸ்ஏ போன்ற குரோம் வகைக் கேசட்டுகளின் பின்விளிம்பில் அழிப்புத் தாழ்களுக்குப் பக்கத்தில் கூடுதலாக இரண்டு குழிகள் இருக்கும். டெக் அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்துத்தான் குரோமுக்கான ‘70 மைக்ரோவிநாடி’ என்ற மேல்ஸ்தாயி அமைப்புக்கு மாறுகிறது. சாதாரணக் கூட்டில் குரோம் டேப்பைப் போட்டால் டெக் சாதாரண டேப்புக்கான 120-லேயே நின்றுவிடும். இரைச்சலும் கீச்சுமாகக் கேட்கும். ‘டேப் வயசாகிவிட்டது’ என்பீர்கள், குற்றவாளி கூடு.

அறுந்த டேப்பை செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். 3.81 மி.மீ. அகலத்தில் இதற்கென்றே ஒட்டுநாடா கிடைக்கிறது; டேப்பின் பளபளப்பான பின்பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும்.

பென்சில் விட்டுச் சுற்றுவது தொங்கும் டேப்பை இழுத்துக்கொள்ள மட்டும். பல வருஷம் சும்மா கிடந்த கேசட்டை ஒரு தடவை கடைசிவரை முன்னோக்கி ஓட்டி, திரும்பச் சுற்றி எடுங்கள். ஒட்டியிருந்த சுற்றுகள் விட்டு, இழுவை சமமாகும். இது ஹெட்டில் படாத ஓட்டம், ‘ஒரு தடவை’ கணக்கில் சேராது. 120 நிமிட கேசட்டானால் இதையும் மெதுவாகச் செய்யுங்கள். 90 நிமிட டேப்பின் தடிமன் சுமார் 12 மைக்ரான், 120-க்கு 9 தான். சட்டென்று நிறுத்தினால் இழுபட்டுவிடும்.

டெக்

ஆட்டோ ரிவர்ஸ் டெக் வேண்டாம். அதில் ஹெட்டே சுழலும் அல்லது இரண்டு திசைக்கும் பொதுவாக நிற்கும், கோணம் நிலைக்காது. ஒரே திசையில் ஓடும், மூன்று ஹெட் உள்ள டெக் நல்லது. பெல்ட் எண்ணெய்ப்பசையாக உருகியிருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஹெட்டையும் டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், பஞ்சில் பழுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். சானிடைசரில் கிளிசரின் இருக்கும், வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கேசட்டுக்கும் இந்தத் துடைப்பு ஒரு தடவை.

அசிமத்: எல்லாவற்றிலும் முக்கியமானது

அசிமத் என்றால் டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணம். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஹெட்டின் நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளி, டேப் ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிவு செய்த கருவியின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் உங்கள் ஹெட்டும் அதே அளவு சாய வேண்டும். கேசட் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை டேப்பில் 5 மைக்ரானுக்கும் குறைவான நீளத்தில் அடங்குகிறது. ஸ்டீரியோவில் ஒரு தடத்தின் அகலமோ 0.6 மி.மீ. ஹெட் அரை டிகிரிகூட சாய வேண்டாம், தடத்தின் மேல்விளிம்பில் ஓர் அலை தொடங்கும்போது கீழ்விளிம்பில் அது முடிந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று தின்று, அந்த ஒலி அப்படியே காணாமல் போகும். பிறகு கணினியில் எவ்வளவு டிரெபிள் ஏற்றினாலும் வருவது இரைச்சல் மட்டும்.

சரிசெய்வது இப்படி. பக்கத்தின் நடுவில், டிரம்ஸின் சிம்பல் தட்டும் கைதட்டலும் கேட்கும் ஒரு நிமிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஹெட்போனில், இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாகக் கேளுங்கள். ஸ்டீரியோவில் கேட்டால் பிழை பாதி மறைந்துவிடும். மோனோவில் சுழல்வதுபோல ஒரு ‘ஷ்ஷ்’ வந்து காட்டிக்கொடுக்கும். ஹெட்டின் இருபக்கமும் திருகாணி இருக்கும். அடியில் ஸ்பிரிங் போட்டதுதான் அசிமத் திருகாணி. அதன் தலையில் பெயிண்ட் பூசி முத்திரை வைத்திருப்பார்கள். அது இப்போது நிற்கும் நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டு, காந்தமில்லாத ஸ்க்ரூடிரைவரால் எட்டில் ஒரு சுற்று இங்கே, எட்டில் ஒரு சுற்று அங்கே. கைதட்டல் ‘தப் தப்’ என்பதிலிருந்து ‘சட் சட்’ என்று மாறும் இடம் வரும். அதைக் கொஞ்சம் தாண்டி, மறுபடி மங்குவதைக் கேட்டு, திரும்பி வந்து நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் வேறு ஏதோ பழுது. ஸ்க்ரூடிரைவரை எடுத்த பிறகு இன்னொரு தடவை கேளுங்கள். அதன் எடையே ஹெட்டை அழுத்திக்கொண்டிருந்திருக்கலாம்.

கேசட்டைத் திருப்பிப் போட்டதும் மறுபடி முதலிலிருந்து. ‘ஏ’ பக்கத்துக்குச் சரியான கோணம் ‘பி’ பக்கத்துக்குச் சரியாக இருப்பது அபூர்வம். சில டெக்குகளில் இந்தத் தொல்லை இல்லை: நாகமிச்சி டிராகன் தானே சரிசெய்துகொள்ளும், அதே நிறுவனத்தின் சிஆர்-7-இல் முகப்பிலேயே ஒரு குமிழ் உண்டு. விலையைக் கேட்டால் திருகாணியே பரவாயில்லை என்று தோன்றும்.

டால்பி, லெவல்

அசிமத்துக்குப் பிறகுதான் டால்பி, அதாவது டேப் இரைச்சலைக் குறைக்கும் முறை. டால்பி-பி மேல்ஸ்தாயியின் அளவைப் பார்த்தே எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்கிறது. கோணம் தவறி மேல்ஸ்தாயி ஏற்கெனவே குறைந்திருந்தால் டால்பி இன்னும் குறைக்கும். போர்வை போர்த்திய மாதிரி ஒலிக்கும். கச்சேரியில் பதிவு செய்தவர்களில் பலர் டால்பி இல்லாமலே எடுத்தார்கள்; அதை வாங்கி நகலெடுத்தவர் டால்பி போட்டிருப்பார். அட்டையில் தெளிவாக இல்லையென்றால் டால்பியை அணைத்தே மாற்றுங்கள்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்கு ஏற்றும் பெட்டி) லைன் உள்ளீட்டுக்குக் கம்பி போக வேண்டும். மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் மோனோவாக, நசுங்கி வரும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். உச்சம் மைனஸ் 10 முதல் மைனஸ் 6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். பாட்டை வைத்து லெவல் வைக்காதீர்கள். மைக்குக்குப் பக்கத்தில் நின்றவன் கைதட்டுவான், விசிலடிப்பான், உச்சத்தைத் தொடுவது அவன்தான். 45 நிமிடப் பக்கம் ஒன்று சுமார் 780 எம்பி வரும். இந்த மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, இனி நகலில் மட்டும் கை வையுங்கள்.

வேகம்

பதிவுக் கருவியின் வேகமும் உங்கள் டெக்கின் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஒரு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறும், 45 நிமிடத்தில் 53 விநாடி காணாமல் போகும். பாடகரின் குரலில் லேசான சிறுபிள்ளைச் சாயல் தெரியும்.

அளக்க நல்ல வழி மின்சார ரீங்காரம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; மேடையிலிருந்த ஆம்ப்ளிஃபயர்களின் ‘ம்ம்ம்’ பல டேப்புகளில் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பாட்டுக்கு நடுவே பேஸ் கிடார் பேசாத ஓர் இடத்தை எடுங்கள். பேஸ் வாசிக்கும் தாழ்ந்த ‘பி’ சுரம் 61.7 ஹெர்ட்ஸ், அதை ரீங்காரம் என்று எண்ணி ஏமாறுவது எளிது. அலைவரிசை வரைபடத்தில் 120, 180-லும் முகடு தெரிந்தால்தான் ரீங்காரம். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் அந்தத் துண்டின் நகலை 2,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு இறக்கிவிட்டு அந்த வரைபடம் போட்டால் துல்லியம் பல மடங்கு கூடும். முகடு 61.2-இல் இருந்தால் டேப் 2 சதவீதம் வேகம். வேகத்தை மைனஸ் 1.96 சதவீதம் மாற்ற வேண்டும். சுருதியையும் காலத்தையும் சேர்த்து மாற்றும் கருவியையே பயன்படுத்துங்கள். காலத்தை மட்டும் மாற்றுவது இங்கே தப்பு.

இந்தியாவிலோ இலங்கையிலோ உட்கார்ந்து மாற்றுகிறவர்கள் கவனிக்க: அமெரிக்கக் கச்சேரியின் டேப்பில் 50-இல் ஒரு முகடு தெரிந்தால் அது உங்கள் வீட்டு மின்சாரம், கச்சேரியுடையது அல்ல. கம்பியையும் எர்த்தையும் சரிசெய்துவிட்டு மறுபடி எடுங்கள்.

பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனியாக அளங்கள். கையடக்கக் கருவியில் பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்தது இப்போது வேகமாகக் கேட்கும். இரண்டாம் பாதி போகப்போகச் சுருதி ஏறினால் காரணம் அதுதான்.

எந்த இரவு?

இப்போது கோப்பைக் கேட்டே தேதியை நெருக்கலாம். முதலில் டிரம்ஸ் எத்தனை என்று பாருங்கள். மிக்கி ஹார்ட் 1971 பிப்ரவரியில் விலகி 1974 அக்டோபரில்தான் திரும்பினார். நடுவில் பில் க்ரூட்ஸ்மன் ஒருவரே. ஒற்றை டிரம்ஸ் என்றால் தேடல் அந்த மூன்றரை வருஷத்துக்கோ 1967 செப்டம்பருக்கு முன்போ சுருங்கும். பெண் குரல் சேர்ந்து பாடினால் டோனா காட்ஷோ, 1972-க்கும் 1979 பிப்ரவரிக்கும் இடையில். அவர் கணவர் கீத் வாசிக்கும் பியானோ 1971 அக்டோபரிலிருந்து அதே பிப்ரவரி வரை. 1979 ஏப்ரல் 22 முதல் பிரெண்ட் மிட்லண்ட். ஹேமண்ட் ஆர்கனும் கரகரத்த உச்சக் குரலும். அவர் 1990 ஜூலையில் இறந்தார். அதன்பின் வின்ஸ் வெல்னிக். கூடவே பெரிய பியானோவோ அக்கார்டியனோ கேட்டால் புரூஸ் ஹார்ன்ஸ்பி, பெரும்பாலும் 1990 செப்டம்பர் முதல் 1992 மார்ச் வரை.

பாட்டும் துப்புக் கொடுக்கும். ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ முதலில் மேடையேறியது 1974 மார்ச் 23. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ 1977 மார்ச் 18-க்கு முன் கிடையாது. ‘ஷேக்டவுன் ஸ்ட்ரீட்’ 1978 ஆகஸ்ட் 31, ‘டச் ஆஃப் கிரே’ 1982 செப்டம்பர் 15. கேசட்டில் 1981 என்று எழுதி, உள்ளே கடைசியாகச் சொன்ன பாட்டு இருந்தால் அட்டை மாறிப்போயிருக்கிறது. 1986 ஜூலையில் குழுவின் கிடார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா கோமாவில் விழுந்தார். குழு டிசம்பர் 15-ஆம் தேதிதான் மேடைக்குத் திரும்பியது. அந்த இடைவெளியில் ‘நான் பார்த்தேன்’ என்பவரிடம் சண்டை போடாமல் டிக்கெட் துண்டைத் தேடச் சொல்லுங்கள்.

பாடல் வரிசை இரண்டு மூன்று தேதிகளோடு பொருந்தினால், இன்டர்நெட் ஆர்க்கைவில் அந்தத் தேதிகளின் பதிவுகளை எடுத்து ஒப்பிடுங்கள். சவுண்ட்போர்டுப் பதிவுகளை அங்கே கேட்க மட்டும் முடியும். கூட்டத்திலிருந்து எடுத்தவற்றை இறக்கிக்கொள்ளலாம். ஒலியின் தன்மையைப் பார்க்காதீர்கள், மைக் மாறினால் அது மாறும். பிழைகளைப் பாருங்கள். கார்சியா வரி மறப்பது பிரசித்தம். எந்தப் பாட்டில், எந்த அடியில் முணுமுணுத்துச் சமாளித்தார் என்பது கைரேகை மாதிரி. இரண்டு பிழை பொருந்திவிட்டால் தேதி உறுதி.

வெட்டுவதும் எழுதிவைப்பதும்

இரைச்சல் நீக்கி போடாதீர்கள். அது முதலில் தின்பது கூட்டத்தை. கூட்டம் இல்லையென்றால் அங்கே போன ஆளுக்கு அதில் என்ன இருக்கிறது? டேப் திருப்பிய இடத்தில் பாட்டு அறுந்திருக்கும். வேறொருவர் பதிவிலிருந்து ஒட்டலாம், ஆனால் இரண்டின் வேகத்தையும் முதலில் சமன் செய்துவிட்டு. ஒட்டியதை மறைக்கக் கூடாது. பாட்டு பாட்டாகப் பிரிக்கும்போது முந்தைய பாட்டின் கைதட்டல் அதோடே இருக்கட்டும். அடுத்த பாட்டு முதல் சுரத்துக்கு ஒரு விநாடி முன் தொடங்கட்டும். சிடி போடுவதானால் 44.1 கிலோஹெர்ட்ஸில் 588 மாதிரிகளின் மடங்கில் வெட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு பாட்டுக்கு நடுவே ‘டக்’ என்று ஒரு சத்தம். ஒலி கெடாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 போனில் கேட்க மட்டும், யாருக்கும் கொடுக்க அல்ல.

கோப்புறைப் பெயர்: குழுவின் இரண்டெழுத்துச் சுருக்கம், பிறகு வருஷம்-மாதம்-தேதி. அந்த வரிசையில் வைத்தால்தான் கணினி காலவரிசையில் அடுக்கும். உள்ளே ஓர் எழுத்துக் கோப்பு: ஊர், அரங்கு, பாடல் வரிசை, எந்த மைக்கிலிருந்து எந்தக் கருவி வழியாக எத்தனையாவது நகல், எந்த டெக், டால்பி உண்டா இல்லையா, வேகம் எவ்வளவு திருத்தினீர்கள், எங்கே ஒட்டினீர்கள். கச்சேரிக்குப் போனவர் சொல்வதையும் எழுதுங்கள், ஆனால் தனி வரியில், ‘நினைவு’ என்று தலைப்பிட்டு. முதல் பாட்டின்போது மழை பெய்தது என்பார். டேப்பில் கூரைக்கு அடியில் கேட்கும் எதிரொலி இருக்கும். இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள்.